குழந்தையிடம் கேட்க வேண்டிய கேள்வி

பிள்ளை யார் பொறுப்பில் வளர வேண்டும் என்று போடும் கார்டியன் ஓ.பி. மனுவை நடத்த வரும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் சட்டப்பிரிவைத்தான் கேட்பார்கள். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்பேன். அப்புறம் மல்லிகா கேஸைச் சொல்வேன்.

மல்லிகாவுக்கு பாபநாசம் பக்கம் ஊர். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவைப் பயிர் பொய்த்த வருஷம், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். புருஷன் சேகர் குத்தகை நிலத்தையும் மகள் தேவியையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. லீவில் வந்து பார்த்தால் நிலம் தரிசு, ஆள் முழு நேரக் குடி. பிள்ளையைக் கும்பகோணத்தில் தன் அக்கா வீட்டில் விடலாம் என்றதற்கு அவன் சம்மதிக்கவில்லை. நேராகக் கும்பகோணத்தில் என் ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"லீவு முடியறதுக்குள்ள என் பொண்ண வாங்கிக் குடுத்துடுங்க வக்கீலம்மா" என்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவும் இல்லை.

கேஸில் பெரிய ஓட்டை இருந்தது. சேகர் குடிப்பது ஊருக்கே தெரியும். ஆனால் கூண்டேறிச் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. நாளைக்கு வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கும்போது அவன் மூஞ்சியில் முழிக்க வேண்டுமே. அவனோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் குளித்து, விபூதி பூசி, சலவை வேட்டியில் வந்து நிற்பான். எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து, "பெத்த பிள்ளைய விட்டுட்டு வெளிநாடு போனவங்க இவங்க. கூடவே இருந்தவர் என் கட்சிக்காரர்" என்பார். ஜட்ஜ் தலையாட்டுவார்.

மல்லிகா தினமும் போன் செய்தாள். லீவு கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் பிள்ளையைக் கூட்டி வரும்படி ஜட்ஜ் சொன்னார். அன்று காலை கேஸைக் கூப்பிட்டதும் பாஸ் ஓவர் கேட்டேன். மதியத்துக்கு மேல் எடுங்கள் என்று கேட்பதுதான் அது. காலையில் அடக்கமாக நிற்கும் குடிகாரன் மதியம் வரை தாங்கமாட்டான் என்பது எங்கள் கோர்ட் வக்கீல்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் கேட்பேன்.

கணக்கு தப்பியது. சேகர் மதுக்கடைப் பக்கமே போகவில்லை. கோர்ட் வராந்தாவில் சுவரோடு சாய்ந்துவிட்டான். குடிக்காமல் இருந்ததில் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. தேவி ஓடிப்போய் டீக்கடையில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்தாள். டம்ளரை அவன் கையில் கொடுக்கவில்லை. தலையைத் தாங்கிக்கொண்டு அவளே புகட்டி, பாவாடையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டா இவ?" என்றாள் என் பக்கத்தில் நின்ற மல்லிகா.

மதியம் சேம்பரில் இரண்டு வக்கீல்களையும் ஓரமாக நிற்கவிட்டு, ஜட்ஜ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "யார்கிட்ட இருக்க ஆசைப்படறேம்மா?"

"அப்பாகிட்ட."

சீனியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேஸ் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயந்தரம் அவ என்ன பண்ணுவான்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார்.

"அப்பாவத் தேடுவேன்." பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். "கடையில பாப்பேன், அப்புறம் பஸ் ஸ்டாப்புல. ஆத்துல தண்ணி விட்டுட்டாங்கன்னா மொதல்ல வாய்க்கால்லதான் பாப்பேன்."

"வாய்க்கால்ல ஏம்மா?"

"போன தடவ அங்கதான் கெடந்தாங்க. நான் தலைய மட்டும் தண்ணிக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் கத்தினேன்."

அன்று மாலையே இடைக்கால உத்தரவு வந்தது. பிள்ளை தாயிடம் இருக்கலாம், தாய் வெளிநாடு போகாமல் இங்கேயே இருக்க வேண்டும். மல்லிகா குவைத் வேலையை விட்டுவிட்டு உத்தரவை ஏற்றுக்கொண்டாள்.

ஜூனியர்களுக்குச் சொல்வது இதுதான். யாரிடம் இருக்க ஆசை என்று கேட்டால் குழந்தை பாசத்தைச் சொல்லும். அதன் ஒரு சாயந்தரத்தைச் சொல்லச் சொல்லுங்கள், கேஸ் அங்கே இருக்கும்.

உத்தரவு கேட்டு வெளியே வந்தபோது சேகரைக் காணோம். அக்கா வீட்டுக்குப் போக ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். தேவி நகரவில்லை.

"இன்னிக்கு அப்பாவ யாரு தேடுவாங்க?" என்றாள். "ஆத்துல தண்ணி வந்துடுச்சே."

மல்லிகா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, சேர்ந்தே போய்ப் பாப்போம்."

இருவரும் பாபநாசம் பஸ்ஸில் ஏறினார்கள்.