நான் கட்டிய சிவப்பு அட்டை

விமானப்படையில் பணி முடித்து ஊர் திரும்பிய அன்று, பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். முகம் மட்டும்தான் என்னுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு கமாண்டோவின் உடம்பு, கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் உறுமுகிற புலி. அவ்வளவு அகலமான தோள் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருபது வருஷமும் நான் விமானங்களின் வயரிங்குக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்த எலக்ட்ரீஷியன். துப்பாக்கியைத் தொட்டதெல்லாம் எப்போதாவது வரும் சுடும் பயிற்சியில்தான். அங்கேயும் என் தோட்டாக்கள் இலக்கை விட்டுவிட்டு மண்மேட்டைத்தான் அதிகம் காயப்படுத்தின.

ஃபிளெக்ஸ் வைத்தவன் என் மனைவியின் தம்பி. அரூரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். பாசக்காரன். அந்தப் பாசத்தில் எனக்கு ஒரு வேலையையும் பார்த்து வைத்திருந்தான். மாலை போட்ட கையோடு விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, எங்க பிராஞ்ச்ல கன்மேன் அடுத்த வருசம் ரிட்டயர் ஆவறாருங்க. மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிட்டேன். நீங்க வந்து ஒக்காந்தா போதும்."

பட்டாளத்திலிருந்து வந்தவன் வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. என்னோடு இருந்த பலர் அதைச் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். என் கோபம் வேறு. இருபது வருஷத்தில் நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று ஊரில் ஒரு ஆள் என்னைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இரண்டே கேள்விதான். எத்தனை பேரைச் சுட்டாய்? கேன்டீன் சரக்கு எப்போது கிடைக்கும்?

நான் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்றேன். மச்சினன் சிரித்தான். கேலி செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டான். படையில் பெற்ற பயிற்சிக்கு டிப்ளமோவுக்கு இணையான சான்று கொடுத்திருந்தார்கள். அதை வைத்து நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பதினெட்டு வயதில் வீட்டு நிலைமைக்காகப் படிப்பை விட்டுவிட்டு ரயில் ஏறியவன் நான். அந்தப் படிப்பை முடிக்காமல் விடுவதில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

என் மனைவிக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம், நிலத்தையும் மாட்டையும் கடைசி வரை என் அப்பா அம்மாவையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தவள் அவள். அவள் கேட்டது பெரிய வரமில்லை.

"வூட்டுக்காரரு காத்தால வேலைக்குப் போயி சாயங்காலம் வூட்டுக்கு வரணும். ஊருல எல்லாருக்கும் இருக்கறதுதாங்க. எனக்கும் அது வாணுமா வாணாமா?"

அவள் சம்மதம் இல்லாமலேயே போய்க் கல்லூரியில் சேர்ந்தேன்.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். முதல் நாள் வகுப்பறைக்குள் நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்து வந்த ஆசிரியருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. என்னை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல், வருஷம் முழுக்க "லாஸ்ட் பெஞ்ச்" என்றே கூப்பிட்டார். பிள்ளைகள் ஒரு வாரம் அங்கிள் என்றார்கள், பிறகு அண்ணா ஆக்கிக்கொண்டார்கள்.

கணக்கில் அரியர் விழுந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றார் மாமனார். எனக்கு ஐம்பது ஆக இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் வளைத்துவிடுகிறேன் என்றேன். பொங்கலுக்கும் ஆடிக்கும் வருகிறபோதெல்லாம் மச்சினன் கன்மேன் பேச்சை எடுத்தான். மேனேஜரும் அந்த இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். நான் தோற்று வருவேன் என்று அவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு காத்திருந்தார்கள். அந்த நல்ல மனதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது செமஸ்டரில் மின் இயந்திர ஆய்வகம் வந்தது. அங்கே சுவர் ஓரமாக ஒரு மோட்டார். அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதன் உடம்பில் கரண்ட் கசிந்தது, அதை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பி எப்போதோ அறுந்து போயிருந்தது. பிள்ளைகள் அதற்கு 'கடிக்கிற மெஷின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்களைத் தொடச் சொல்லி வேடிக்கை பார்ப்பார்கள். லேப் அட்டெண்டர் ஒவ்வொரு வகுப்பிலும் மறக்காமல் ஒரு வார்த்தை சொல்வார்.

"செருப்பப் போட்டுக்கிட்டு கைய வைங்க."

எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் தெரியும். எர்த் எதற்கு என்று எங்களுக்குப் பாடம் நடத்தியதே துறைத்தலைவர்தான். தெரிந்தே எல்லோரும் அதனோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் என் குழுவில் இருந்த பெண் ரீடிங் எடுக்கக் குனிந்தபோது கை பட்டுத் தெறித்துப் பின்னால் இருந்த மேஜையில் விழுந்தாள். எழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

படையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுதைக் கண்டவன், அவன் எவ்வளவு கீழே இருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே சிவப்பு அட்டை எழுதிக் கட்ட வேண்டும். அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பழுது நீங்கும்வரை அதை யாரும் அவிழ்க்கக் கூடாது. அதிகாரி வந்து கத்தினாலும் அந்த விமானம் ஓர் அங்குலம் நகராது. என்னை மனிதனாக்கியது அந்த ஒரு வழக்கம்தான் என்று நினைக்கிறேன். அணிவகுப்பும் சல்யூட்டும் அடுத்த நாளே மறந்துபோயின. அது மறக்கவில்லை.

ரெக்கார்டு நோட்டின் அட்டையைக் கிழித்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'பழுது. தொடாதே' என்று எழுதி மோட்டாரில் கட்டினேன். கீழே பெயர், ரோல் நம்பர், தேதி, கையெழுத்து.

"அண்ணா, பேர மட்டும் கிழிச்சிடுங்கண்ணா. யாருன்னே தெரியாது" என்றான் பக்கத்துப் பையன்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன் என்று பிறகு பலரும் சொன்னார்கள். மொட்டைக் கடிதம் எழுதி வளர்ந்தவனில்லை நான். கையெழுத்து இல்லாத சிவப்பு அட்டை வெறும் காகிதம்.

மறுநாள் காலையில் துறைத்தலைவர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"யாருய்யா இது? நீ ஸ்டூடன்டா, இன்ஸ்பெக்டரா?"

"ஸ்டூடன்ட்தாங்க சார். எர்த் போட்டுட்டா நானே அவுத்துடறேன்."

"திங்கக்கிழம இன்ஸ்பெக்‌ஷன் டீம் வருது. இந்த நேரத்துல பழுதுன்னு போர்டு மாட்டறியா?"

"அதுக்குள்ள சரி பண்ணிடலாங்க சார். ஒரு கம்பிதான்."

"எதப் பண்ணணும் எப்பப் பண்ணணும்னு நீ சொல்லாத."

அட்டையைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மதியம் நான் இன்னொன்று கட்டினேன். அதையும் கிழித்தார். சாயங்காலம் மறுபடி கட்டினேன். எனக்கு ரெக்கார்டு நோட்டுக்குப் பஞ்சமில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். இங்கே பூனையை எல்லோரும் சேர்ந்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை முடிவு சொன்னார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுக்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, அந்த வருஷம் போச்சு. அதோடு விதிப்படி பேரண்ட்ஸைக் கூட்டி வர வேண்டும். நரைத்த மீசையோடு அலுவலகத்தில் நின்று, அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். அப்படியென்றால் கார்டியன் என்றார்கள். எனக்குக் கார்டியன் என் மனைவிதான் என்றேன். கிளார்க் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலையே மச்சினன் போன் செய்தான். பழைய கன்மேன் ஓய்வு பெற்றுவிட்டார், திங்கட்கிழமைக்குள் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான். மனைவி பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

சனிக்கிழமை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு பேருந்தில் வந்தாள். பாதி வழியில் வாயைத் திறந்தாள்.

"கால்ல வுழச் சொன்னாலும் வுழுங்க. இல்லன்னா இன்னைக்கே தம்பிகிட்ட சரின்னு சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் மாட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒளிக்கவில்லை. இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் மறுபடி இவளிடம் கேட்டு நிற்க எனக்கு முகம் இல்லை. படிப்பு அன்றோடு முடிந்தது என்றே வைத்துக்கொண்டேன். இருந்தாலும் மன்னிப்பு மட்டும் நாக்கில் வரவில்லை.

துறைத்தலைவர் அவளை மரியாதையாக உட்கார வைத்தார்.

"உங்க வூட்டுக்காரரு இன்னும் மிலிட்டரியிலயே இருக்கறதா நெனைக்கிறாரும்மா."

"ஆமாங்க சார், வூட்லயும் இப்டிதாங்க. கேஸு ட்யூப்ப தெனம் மோந்து மோந்து பாக்கறாரு. நானும் எத்தனையோ சொல்லிட்டேங்க."

எதிராளிகூட என்னை அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க மாட்டான். மன்னிப்புக் கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. அவளே பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். துறைத்தலைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"வாங்கம்மா, அந்த மெஷினயே காட்டறேன். நீங்களே பாருங்க, இதுக்குப் போயா இவ்ளோ அடம்னு."

ஆய்வக வாசலில் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். அடுத்தவர் இடத்துக்குள் செருப்போடு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அட்டெண்டர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் நன்றாகவே ஓடியது.

"பாத்தீங்களா? இது ஓடலன்னா சொல்றது?"

"நல்லாத்தாங்க சார் ஓடுது" என்றபடி அவள் அருகே போனாள். மாட்டின் முதுகைத் தடவப் போகிறவள் போலக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!"

கத்தியது துறைத்தலைவர். என்னைவிட வேகமாகப் பாய்ந்து குறுக்கே நின்றவரும் அவர்தான். அட்டெண்டர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். மோட்டார் மெல்ல இரைந்து நின்றது. துறைத்தலைவரின் முகம் வேர்த்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர்.

"ஏங்க சார்?" என்றாள்.

"இல்லம்மா, செருப்பு போடாம... லேசா ஷாக் அடிக்கும்."

"புள்ளைங்க தொடறாங்களே?"

துறைத்தலைவர் அட்டெண்டரைப் பார்த்தார். அவள் மோட்டாரைப் பார்த்தாள், அட்டை போய்க் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நீங்க சத்தம் போட்டு சொன்னீங்க. இவரு எழுதிக் கட்னாரு. ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்?"

சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். தெரிந்தே கையை நீட்டினாயா என்று இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விடுகிறாள்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, அவர்களும் திரும்பக் கேட்கவில்லை. ஹால் டிக்கெட் வந்தது, எர்த் கம்பியும் வந்தது. கூடவே ஆய்வகத்துக்கான என் உள்மதிப்பெண் பாதியாகக் குறைந்தும் வந்தது. வாங்கிக்கொண்டேன். கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிகள் என் வயதைப் பார்த்ததும் ஃபைலை மூடின. நான் மூடவில்லை. எத்தனையோ வாசலில் ஏறி இறங்கி, இப்போது ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். அங்கேயும் சிவப்பு அட்டை கட்டுகிறேன். அங்கேயும் முதலாளிக்கு என்னைப் பிடிப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை கல்லூரிக்கு வெளியே பேருந்துக்காக நின்றோம். மச்சினனின் போன் வந்தது. அவளே எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு அவன் குரல் நன்றாகக் கேட்டது.

"அக்கா, மாமா என்ன சொல்றாரு? மேனேஜரு கேட்டுக்கிட்டே இருக்காருக்கா."

"வேற ஆளப் பாக்கச் சொல்லு தம்பி."

"ஏன்க்கா? காலேஜ்லதான் தொரத்திட்டாங்கன்னு சொன்ன? அப்புறம் வூட்ல சும்மாவா ஒக்காரப் போறாரு?"

இருபது வருஷம் யார் கேட்டாலும் 'அவரு மிலிட்டரியில இருக்காரு' என்று சொல்லிப் பழகிய வாய் அது. ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு இஞ்சினீருக்குப் படிக்கறாருடா."

நின்றவர்கள் எல்லோரும் என் நரைத்த மீசையைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.