ஓரகத்தி முன்னால் சொன்ன பொய்

அரியலூரில் நானும் என் ஓரகத்தியும் அடுத்தடுத்த வீடு. அவள் புது ஏசி வாங்கியதிலிருந்து எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். எங்கள் பழைய ஏசிக்கு கேஸ் நிரப்ப வந்த மெக்கானிக், "என்ன கேஸுங்க?" என்று கேட்டபோது அவளும் பக்கத்தில் நின்றிருந்தாள். "அவ வூட்டு புது ஏசி மாதிரி ஆர் 32தாங்க" என்று கூசாமல் சொன்னேன்.

சிலிண்டரைத் திறக்கப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று திண்ணையோரம் இருந்த ஏசியின் வெளிப்பெட்டி லேபிளில் படிந்திருந்த சிமெண்ட் தூசியைத் துடைத்தார். "அக்கா, இது ஆர் 22! நீங்க சொன்ன ஆர் 32க்கு பிரஷர் ஜாஸ்தி, தீயும் புடிக்கும். இதுல ஏத்தியிருந்தா வெடிச்சாலும் வெடிச்சிருக்கும்!" பெட்டிக்குப் பக்கத்தில்தான் என் மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவளை உடனே உள்ளே போகச் சொன்னேன்.

இப்போதெல்லாம் மெக்கானிக் வருவதற்குள் லேபிளை நானே துடைத்துவைத்து, "பழசுதாங்க, ஆர் 22" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது ஓரகத்தி முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.