நான்கு யூனிட்டுக்காகக் கோவைக்கு ஒரு வேன்

போன மாதம் அம்மாவுக்கு இதய வால்வை மாற்றும் அறுவை சிகிச்சை. அதற்கு முந்தின நாள், ரத்தம் கொடுக்க ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருப்பூரிலிருந்து கோவைக்குப் போனேன். இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு என் தவறு உதவலாம்.

"உடம்பு மெலிவு, ரத்தம் கம்மி, வால்வும் ரொம்ப இறுகியிருக்கு. நாலு யூனிட் வரைக்கும் தேவைப்படலாம், ஒண்ணுலயும் முடியலாம்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மாவுக்கு உடனே புரிந்தது. "டேமேஜ் வருமுன்னு ஆர்டருக்கு மேல சேத்து வெட்டுவாங்கல்ல கண்ணு, அது மாதிரி." அம்மாவுக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக, எந்த வகையானாலும், முந்தின நாள் மாலை ஐந்துக்குள் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் நான்கு பேர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும். அம்மாவுக்கோ பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கியது.

பகல் ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று, அம்மாவின் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் பிரிவில் இரவு ஷிப்ட் முடிக்கும் நான்கு பேரைக் கேட்டேன். கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. காலை எட்டரைக்கு வேன் கிளம்பியது. ஐம்பது கிலோமீட்டர், வாடகை 2,800 ரூபாய். அவிநாசி சாலை நெரிசலில் நான் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் நால்வரும் தூங்கி வழிந்தார்கள்.

"ராத்திரி தூங்குனீங்களா?" என்றார் ரத்த வங்கி நர்ஸ்.

"மெஷின் தூங்குனாத்தானுங்க நாங்க தூங்கறது" என்று ஒருவர் சிரித்தார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. இரவு தூங்காதவர்களிடம் எடுக்க மாட்டார்களாம். நால்வரும் வெளியே வந்துவிட்டார்கள். என் எடை நாற்பத்து மூன்று கிலோ; நாற்பத்தைந்தாவது இருக்க வேண்டுமாம். நானும் கொடுக்க முடியாது.

"நான் நல்லாத் தூங்குனனுங்க. டிரைவர்னா ரத்தம் இருக்காதுங்களா?" என்று சட்டைக் கையை மடித்தார் வேன் டிரைவர்.

இன்னும் மூன்று பேர் வேண்டும். பட்டம் வாங்கியும் போனில் பேசத் தயங்குகிறவள் நான். வராந்தாவில் ஐந்தாறு முறை நடந்துவிட்டு, அம்மாவின் சூப்பர்வைசரை முதன்முதலாக அழைத்து, மூன்று பேர் கிடைப்பார்களா என்று கேட்டேன்.

"இன்னைக்குக் கண்டெய்னர் ஏத்தறமுங்களே அம்மிணி" என்றார்.

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா?" என்று மறுபடி கேட்டார்.

"அம்மாவுக்கு நாளைக்குங்க, அண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

உட்காரவும் முடியாமல் வாசலுக்கும் வங்கிக்குமாக அலைந்தேன். நான்கு மணிக்கு, பேக்கிங்கிலிருந்து இருவரைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசரே வந்து இறங்கினார். ஐந்துக்குள் மூவரும் கொடுத்துவிட்டார்கள்.

கொடுப்பவர்கள் இரவு தூங்கி, சாப்பிட்டுவிட்டு வரட்டும். எடையை முன்பே கேட்டுவிடுங்கள். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் இருவரைச் சேர்த்தே கூட்டிப் போங்கள். அம்மா சொன்னதைக் கேட்டும் நான் சரியாக நான்கு பேரோடு போனேன்.

கடைசியில் அம்மாவுக்கு இரண்டு யூனிட்தான் ஏற்றினார்கள். பேச முடிந்ததும், "மிச்சம் ரெண்டு என்னாச்சு?" என்றார். வேறு யாருக்காவது போகும் என்றேன்.

"பரவால்ல. நம்ம கம்பெனியில மிச்சமாகற பனியனெல்லாம் காதர்பேட்டை பிளாட்பாரத்துல சல்லிசு விலைக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டார்.