ஹில்மியின் ஏழு தொட்டிகள்

ஜாடியைக் கையில் வாங்கியதும் ஹில்மி மீனைப் பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து தண்ணீரை முகர்வார். "தண்ணிய எப்பய்யா மாத்துன?" வந்தவர் தலையைச் சொறிந்தால் போதும். "குளிச்ச தண்ணியிலயே ஒன்ன மூணு மாசம் ஒக்கார வச்சா, ஒனக்கும் பூஞ்சை பூக்கும்." பிறகுதான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "என்ன ராசா, என்ன பண்ணுது?" என்பார். மனிதர்களிடம் வராத குழைவு அந்தக் குரலில் வந்துவிடும்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில், முஹர்ரம் பே என்ற பகுதியில், டிராம் பாதையைப் பார்த்த மூன்றாம் மாடி. காலையில் டிராம் அலுவலகத்தில் எழுத்தர் வேலை; பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மீன் வைத்தியம். சுவரோரம் ஏழு தொட்டிகள். செடி கிடையாது, கூழாங்கல் கிடையாது. உடம்பில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை பிடித்த கப்பி மீன்கள், வால் அரித்துப்போன மோலி மீன்கள். குளிர்காலப் புயல் கடலிலிருந்து ஏறிவந்து வீடுகள் சில்லிட்டால் ஏழும் நிறைந்துவிடும்.

மருந்து பெரும்பாலும் கல்லுப்பும் நீல மருந்தும்தான். ஆனால் வெள்ளையாய்ப் படர்வதெல்லாம் பூஞ்சை அல்ல என்பதில் பிடிவாதக்காரர். வாயோரம் படர்ந்தால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கும். பூஞ்சையென்று நினைத்துத் தண்ணீரைச் சூடாக்கினால் மீன் இரண்டே நாளில் செத்து மிதக்கும். மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தித் திட்டுவார். "ஒரு நாள் கூடினாலும் மருந்து வெஷம்யா!"

பதினோரு வருடங்களுக்கு முன் மனைவி கவ்ஸர், "நான் வேணுமா, இந்த ஆஸ்பத்திரி வேணுமா?" என்று கேட்டாள். அவர் யோசிப்பதைப் பார்த்துவிட்டுத் தன்தா நகரிலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு முறைதான் வருவார்கள். மீனைக் கொண்டுவர ஒருமுறை, கொண்டுபோக ஒருமுறை.

பக்கத்துத் தெரு இன்ஷிராஹ் மட்டும் தினமும் வந்தாள். மகன் ஷாதி மிலானுக்குப் பிழைக்கப் போனபோது விட்டுப்போன சிவப்பு ஃபைட்டர் மீனை அவள் கொண்டுவந்திருந்தாள். துடுப்புகள் ஓரம் கறுத்து, கிழிந்த துணிபோல் தொங்கின. "போன்ல என்ன நல்லாருக்கியான்னு கேக்குறதுக்கு முன்னாடி இதத்தான் கேக்குறான், உஸ்தாத்" என்றாள். "பத்தே நிமிஷம்" என்று உட்காருவாள். தொட்டிமேல் குனிந்து, "ஒங்க அண்ணனுக்கு அங்க குளுருதாம்டா" என்று சேதி சொல்வாள். அவள் போகும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலிக்கும். ஹில்மி அஸருக்கு முன் முகம் மழிக்கத் தொடங்கினார்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. துடுப்பின் ஓரத்தில் கண்ணாடிபோலப் புதுச் சவ்வு முளைத்திருந்தது. அன்றே நல்ல தண்ணீருக்கு மாற்றியிருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் பாப்போமே, உம்மு ஷாதி" என்றார்; ஷாதியின் அம்மா என்றுதான் அவளை அழைப்பார். அவள் சரியென்றாள். அந்த இரண்டு நாளும் நீல மருந்தை நிறுத்தாமல் ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. செவுள் படபடத்தது. போட்ட இரையைத் துப்பியது. இன்ஷிராஹ் பார்த்துவிட்டு, உட்காராமலே போனாள். மறுநாள் வரவில்லை. ஹில்மி அலுவலகம் போகவில்லை. மணிக்கு ஒரு குவளையாகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே தொட்டியின் அருகில் இருந்தார். வியாழன் மதியம் அது மெல்ல எழுந்துவந்து ஒரு கொசுப் புழுவைக் கவ்வியது. உடனே அவளுக்குப் போன் செய்தார்.

அவள் வந்ததும், ஜாடியை நீட்டும்போது சொல்லிவிட்டார். "சனிக்கிழமையே தேறிடுச்சு, உம்மு ஷாதி. நாந்தான்... மருந்துலயே வச்சிருந்தேன்."

"தெரியும். அன்னைக்கே அது இரைய எட்டிப் பிடிச்சத நானும் பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களே."

அவள் ஜாடியின் மூடியை இறுக்கினாள், பிறகு தளர்த்தினாள். "நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு வாயில்லா ஜீவனக் கொல்லப் பாத்தோம், உஸ்தாத்" என்றாள். குரலில் கோபம் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு வெள்ளிக்கெழமதான, வீட்டுப்பக்கம் வந்து பாருங்க இத" என்றாள்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார். வராதவர்கள் சொல்லும் தொனியில்தான் அது வந்தது. அவளும் திரும்பிக் கேட்கவில்லை.

காலடிச் சத்தம் படிகளில் இறங்கி ஓய்ந்தபின் ஹில்மி பால்கனிக்கு வந்தார். ஜாடியை முக்காட்டுத் துணிக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல், அவள் டிராம் பாதையைக் கடந்துகொண்டிருந்தாள். அவருடைய கை மேலே உயர்ந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. உயர்ந்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு துணி ஏதும் காயாத கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி, தள்ளி வேறோர் இடத்தில் மாட்டியது.