ராக்கெட்டைக் கூட்டிப்போன ஞானதாஸ் அண்ணன்

ஞானதாஸ் அண்ணன் இன்று காலை போய்விட்டார். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே. சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். இரணியலில் மூன்று மணிக்கு அடக்கம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தக்கலை பக்கம் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் அட்டெண்டராக இருந்தவர். கால்நடை டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிற இடம் அது.

பந்தயத்தில் ஓடுகிற நாய்க்குக் கால் ஒடிந்தாலோ, தோற்றுக்கொண்டே இருந்தாலோ, வளர்த்தவர்கள் இவருக்குத்தான் போன் பண்ணுவார்கள். ஆட்டோ பிடித்து வந்து கூட்டிப்போவார்.

நல்ல மனுஷன், வாயில்லா ஜீவன்களின் தோழன் என்று எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன்... கை ஓடவில்லை.

கல்ஃபிலிருந்து திரும்பிய என் தம்பி ஒரு சிப்பிப்பாறை நாய் வளர்த்தான். பெயர் ராக்கெட். சுசீந்திரம் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் பந்தயம் ஓடும்போது வரப்பில் மோதி, பின்னங்கால் ஒடிந்தது.

மறுநாளே அண்ணன் வந்தார். ஒடிந்த காலை அவர் முதலில் பார்க்கவில்லை. நல்ல முன்னங்காலைப் பிடித்து, கட்டைவிரலால் அமுக்கி, ரத்தக்குழாய் புடைக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள் அல்லவா... இந்த ஜாதி நாய்க்குத் தோல் மெலிசு, கொழுப்பு இல்லை, ரத்தக்குழாய் கயிறு மாதிரி தெரியும். ஆள் தொட்டுப் பழகியது, கடிக்காது. ஊசி குத்தப் படிக்கிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன?

"எதுக்கு அண்ணே கொண்டு போறீங்க?" என்று கேட்டேன்.

"காலு சரியாக்கி வச்சிருப்போம் டீச்சர். ரெத்தம் குடுக்கும், வேற நாய்க்கு. பிள்ளைங்களும் படிக்கும்."

அவர் நீட்டிய தாளில் 'பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும்' என்று இருந்தது. என்ன ஆராய்ச்சி என்று இல்லை. தம்பி படிக்காமலே கையெழுத்துப் போட்டான். "அக்கா, நீ சும்மா இரி. இவ்வளவு சங்கடம்னா உன் வீட்டுல கெட்டிப்போடு."

என் வீட்டில் இடம் இருந்தது. நான் சும்மாதான் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மேஜைமேல் ராக்கெட். ஒரு மாணவி ஊசியோடு தடுமாறிக்கொண்டிருந்தாள். அண்ணன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"மக்கா, ரெண்டு தடவ குத்தியாச்சு. ஊசிய வை."

"அண்ணே, ஒரே ஒரு தடவ..."

"உன் கையில குத்திப் படி. இது வலிக்குன்னு வாய் தொறந்து சொல்லாது பாத்துக்கோ."

அவள் சிரித்தபடி விலகினாள். அண்ணன் அந்தக் காலில் ஒரு சிவப்பு நூல் கட்டினார். நூல் இருக்கிற காலில் ஒரு வாரத்துக்கு யாரும் ஊசி போடக்கூடாதாம். டாக்டர்கள் வைத்த சட்டம் இல்லை, அவரே வைத்தது.

மனசு இளகியது. பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒடிந்த காலைத் தவிர மூன்று காலிலும் நூல்.

"இனி எந்தக் காலுல அண்ணே?"

"நாளைக்கு ஒண்ணு அவுத்திருவேன் டீச்சர்." ராக்கெட்டை மேஜையிலிருந்து இறக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே கேட்டார். "நீங்க லேபுல எத்தன தவளைய அறுத்திய? ஒண்ணுக்காவது நூலு கெட்டினியளா?"



இதையும் சொல்லாமல் விடக்கூடாது... அதே வாரம், பஸ்ஸில் அடிபட்ட ஒரு வீட்டு நாய் ராக்கெட்டின் ரத்தத்தில் பிழைத்தது. உண்மை. ஆனால் வகுப்பில் நான் சொல்லிவந்த உதாரணம் ஒன்று உண்டு. ரத்ததானத்துக்குப் போகிற மனுஷன் கையை அவனே நீட்டுகிறான். வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம்.

அடுத்த தடவை போனபோது ராக்கெட் இல்லை. கூண்டில் வேறு நாய்.

"தோட்டம் உள்ள ஒரு வீட்டுல குடுத்தாச்சு டீச்சர். சொகமா இருக்கு."

எங்கே என்றேன். களியக்காவிளை என்றார். பிறகு பஸ்ஸில் பார்த்தபோது கேட்டேன், மார்த்தாண்டம் என்றார். அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் வைத்துக் கேட்டேன். "டீச்சர், கறி எடுத்துக்கிடுங்க. இலையில ஒண்ணுமே இல்லியே" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் கூண்டு நாய்களை வைத்து ஆபரேஷனும் பழகுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அவரிடம் நான் கேட்கவில்லை.

அரை மணி நேரம் முன்னால் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது கால்நடை டாக்டர். அண்ணனிடம்தான் ஊசி போடப் படித்தவள். அழுதாள்... நானும்தான்.

அழுது முடித்து, "ராக்கெட் என்னம்மா ஆச்சு? உனக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.



"எந்த ராக்கெட் டீச்சர்? அங்க மூணு ராக்கெட் இருந்துச்சு."

மணி இரண்டாகப் போகிறது. கிளம்புகிறேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள் அண்ணே. பூ கொண்டு வருகிறேன்... நல்ல வார்த்தை மட்டும் இன்னும் வாயில் வரவில்லை.