காய்ச்சல் இல்லை, சூடுதான்

பிச்சமுத்து என்ற பெயரை வீராயி முதன்முதலில் கேட்டபோது, கூடவே ஒரு காய்ச்சலையும் சேர்த்துத்தான் கேட்டாள். மணிகண்டத்தில் அப்பன் வீட்டில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த சின்னம்மா அமிர்தம், வெயிலோடு வந்து இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தாள்.

"பையன் காந்தி மார்க்கெட்டு வாழை மண்டியில தார் தூக்குறான் மச்சான். பேரு பிச்சமுத்து. குடி கிடையாது, சீட்டு கிடையாது. தென்னூர்ல ஒரு ரூம்பு வச்சிருக்கான்."

"நோய் நொடி?" என்று கேட்டார் வீராயியின் அப்பா சின்னையா.

"ஐப்பசி வாடை அடிச்சா ஒரு வாரம் படுப்பானாம். வருஷா வருஷம் படுப்பானாம். மத்தபடி காளை மாதிரி இருக்கான்."

"ஒரு வாரம்தானே. உங்க அக்கா வருஷம் பூராவும் படுத்தே கிடக்கா, நான் வச்சுக் குடும்பம் பண்ணல?"

உள்ளேயிருந்து வீராயியின் அம்மா ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். வீராயியும் கடலைத் தொலியை முறத்தில் தள்ளிக்கொண்டே சிரித்தாள். அப்படி அமைந்த கல்யாணம் அது.

சின்னம்மா சொன்னது பொய்யில்லை. தீபாவளிக்கு முன்னேயோ பின்னேயோ, வாடைக்காற்று திரும்பிய நாலாம் ஐந்தாம் நாள் பிச்சமுத்து தும்ம ஆரம்பிப்பான். தொண்டை கட்டும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிடுவான். வீராயி கஞ்சியும் மிளகு ரசமுமாக வைத்துக் கொடுப்பாள். வாரம் முடிந்ததும் எழுந்து, சும்மாட்டை உதறித் தலையில் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விடுவான். அவன் மட்டுமல்ல, அந்தச் சந்தில் முக்கால்வாசிப் பேர் அந்த மாசத்தில் படுத்து எழுந்திருப்பவர்கள்தான். வாடைக்காய்ச்சல் என்று அதற்குப் பேர். உடம்பு வருஷத்துக்கு ஒரு காய்ச்சல் காய்ந்தால்தான் கழிவெல்லாம் போகும் என்பது அந்தச் சனங்களின் எண்ணம். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர்களுக்கு வள்ளிக்கண்ணு பிறந்து, நடந்து, பேச்சு வந்திருந்த வருஷம், ஐம்பத்தேழில், அந்தப் புதுக் காய்ச்சல் வந்தது. கப்பலில் மெட்ராசுக்கு வந்து இறங்கியதாம், ஃப்ளூவாம் என்று பேப்பர் படித்தவர்கள் சொன்னார்கள். ஆனி மாசத்தில், வெயில் கொளுத்துகிற நாளில், வீட்டுக்கு வீடு ஆட்கள் விழுந்தார்கள். பிச்சமுத்துவும் விழுந்தான். மண்டியில் பாதிச் சுமைக்காரர்கள் வரவில்லை. வண்டி வண்டியாக வந்த தார்களை இறக்க ஆளில்லாமல், அவை வண்டியிலேயே பழுத்துக் கறுத்து ஒழுகின. ஈ மொய்த்துக்கொண்டு கிடந்த அந்தப் பழத்தைப் பார்த்து மண்டி முதலாளி வயிறெரிந்து ஒரு சட்டம் போட்டார். அதைச் சொல்ல வந்தவர் மேஸ்திரி ராசப்பன்.

"இனிமே எவன் வாயில காய்ச்சல்னு வருதோ, அவன் அரை மாசம் மண்டிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒருத்தன்கிட்டேருந்து ஒம்பது பேருக்கு ஒட்டுதாம். அவன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் வந்து மேஸ்திரி, மேஸ்திரின்னு நிக்காதீங்க. சொல்லிட்டேன்."

மண்டியில் இடம் என்பது லேசான விஷயம் இல்லை. பிச்சமுத்துவின் அப்பன் தூக்கிய இடம் அது. அப்பன் செத்த பிறகு அவனுக்கு வந்தது. விட்டால், வெளியே காத்திருக்கும் ஆட்களில் ஒருத்தன் அன்றைக்கே உள்ளே வந்துவிடுவான். பிறகு எந்தக் கடவுள் வந்தாலும் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஐப்பசி வந்தது. வாடையும் திரும்பியது. ஆனால் அந்த வருஷம் சந்தில் யாரும் படுக்கவில்லை. டீக்கடையில் இதுதான் பேச்சு.

"ஆனியிலயே எல்லாருக்கும் கொடுத்தாச்சு. இனி கொடுக்க அதுக்கு என்ன இருக்கு?"

"இல்லப்பா. பெரிசு ஊருக்குள்ள நிக்குது. அதப் பார்த்துச் சின்னது ஓடிருச்சு."

"சனம் பயந்துபோய்ச் சினிமாக் கொட்டாயிக்கும் போகல, கல்யாணத்துக்கும் போகல. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாத்தானே ஒட்டும்?"

இதிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நிசம் இருந்திருக்கலாம். யார் கண்டது. ஆனால் வாழை மண்டியில் வாடைக்காய்ச்சல் எங்கேயும் ஓடவில்லை. அதன் பேர் மட்டும்தான் மாறியிருந்தது. மேஸ்திரி கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "என்னடா, கொதிக்குது?" என்பார். "சூடு மேஸ்திரி, நேத்து சுமை கூடிப்போச்சு" என்பான் சுமைக்காரன். "சூடா? அப்பச் சரி, தூக்கு" என்பார் அவர். அவருக்கே மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

"மூக்குலேருந்து ஊத்துறதும் சூடுதானா மேஸ்திரி?" என்று ஒருநாள் பிச்சமுத்து கேட்டான்.

"அது வேர்வைடா. வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துருச்சு."

இப்படியாகத்தான் அந்த வருஷம் ஊரில் காய்ச்சல் இல்லாமல் போனது.

வீராயிக்கு அதில் பெருமைகூட உண்டு. எதிர் வீட்டுப் பொன்னுத்தாய் ஒருநாள் கேட்டாள்: "ஏண்டி வீராயி, தீபாவளி தாண்டியாச்சு, உன் வீட்டுக்காரரு இன்னும் படுக்கலையா?"

"இந்த வருஷத்துக் காய்ச்சல ஆனியிலயே காய்ஞ்சுட்டாங்கக்கா. இனி அடுத்த வருஷத்துக்குத்தான்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு ஒரு காய்ச்சல். அது தீர்ந்துவிட்டது. அதனால் கார்த்திகையில் அவன் உடம்பு சாயங்காலம் சாயங்காலம் கணகணவென்று இருந்தபோது, அது காய்ச்சலாக இருக்கும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. மண்டியிலிருந்து அவன் கொண்டுவந்த வார்த்தை வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. சூட்டுக்கு என்ன செய்வார்கள்? எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைப்பார்கள். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெயைச் சீரகம் போட்டுக் காய்ச்சி, உச்சியில் வைத்துத் தேய்த்தாள். காலையில் ஊறவைத்த வெந்தயம், மத்தியானத்துக்கு மோர் கொடுத்தாள். குளித்துவிட்டு வந்து அவன் பல் கிட்டிக்க நடுங்கியதைப் பார்த்து, சூடு இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டாள்.

"சாயங்காலம் மட்டும் வருது வீராயி" என்றான் பிச்சமுத்து ஒருநாள். "ராத்திரி வேர்த்து நனைஞ்சுபோகுது. இருமலும் நிக்க மாட்டேங்குது."

"எண்ணெய்க் குளியலு சளி காட்டத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிரும்."

"காய்ச்சலா இருந்துட்டா?"

"வாய மூடுங்க. அந்தப் பேச்ச எடுக்காதீங்க. யாராச்சும் கேட்டு மேஸ்திரி காதுல போட்டா எடம் போயிரும். எடம் போனா எங்க போயி நிப்பீங்க?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அடக்கமான ஆள்தான். எதற்கும் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. கன்னம் ஒட்டியது. வேட்டி இடுப்பில் நிற்காமல் அரைஞாணை இறுக்கிக் கட்டினான். இரண்டு தார் ஒரே மூச்சில் தூக்குகிறவன், ஒன்றோடு நின்று மூச்சு வாங்கினான். மற்ற சுமைக்காரர்களுடைய சூடெல்லாம் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. இவனுடையது இறங்கவில்லை. வள்ளிக்கண்ணுவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. மார்கழிக் குளிரில் அம்மா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்பன் நெஞ்சின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். "அப்பாதான் சூடா இருக்கு" என்று அவன் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கும். நல்லதாகப் போயிற்று, பிள்ளைக்குக் குளிர் தெரியாது என்று வீராயி போர்வையை எடுத்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்திவிடுவாள்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துக்குப் பழம் போகும். மண்டியிலிருந்து வண்டிகள் காவேரிப் பாலத்தைத் தாண்டி வரிசையாகப் போய் மொட்டைக் கோபுரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும். கூட்டத்துக்குள் வண்டி நுழையாது. அங்கிருந்து தலைச்சுமைதான். அந்த வருஷம் ஃப்ளூ பயமெல்லாம் தீர்ந்து, சனம் தேனீ மாதிரி வந்திருந்தது. பிச்சமுத்துவும் போனான். வீராயியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்கு வந்தவள், வண்டி நிற்கிற இடத்துக்கு அவனைப் பார்க்க வந்தாள்.

அவள் கண்ணெதிரேதான் நடந்தது. தாரைத் தலைக்கு ஏற்றியவன் இருமினான். இருமல் நிற்கவில்லை. தாரைக் கீழே போட்டுவிட்டு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வாயிலிருந்து வந்தது சளி இல்லை. பச்சைக் காயின்மேல் சிவப்பாகத் தெறித்தது.

ராசப்பன் வந்து பார்த்தார். பழத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "டேய், இது சூடு இல்லடா" என்றார். திட்டவில்லை. தன் துண்டைக் கொடுத்து வாயைத் துடைக்கச் சொன்னார். பிறகு வீராயியிடம், "ஏம்மா, எத்தன நாளா இப்படி இருக்கான்? எங்கிட்டச் சொல்லிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பயந்துதாங்க சொல்லல" என்றாள் அவள். மேஸ்திரியே அந்தத் தாரை எடுத்து ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"காய்ச்சல் எத்தனை நாளா இருக்கும்மா?"

"காய்ச்சல் இல்லீங்க. சூடுதாங்க."

"சூடுன்னா?"

"சாயங்காலமானா ஒடம்பு கொதிக்கும். விடியக்குள்ள வேர்த்து இறங்கிரும்."

"அதுக்குப் பேரு என்னம்மா?"

வீராயிக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வெளியே வரவில்லை. டாக்டர் காசம் என்றார். நுரையீரல் ஒரு பக்கம் ரொம்பவும் போய்விட்டது என்றார். ஊசி இருக்கிறது, விடாமல் போட்டால் பிழைக்கலாம் என்றார். வீட்டில் குழந்தை இருந்தால் கூட்டிவரச் சொன்னார்.

கூட்டிப்போகத்தான் இருந்தாள். பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டாள். மாசியில் வள்ளிக்கண்ணுவுக்குத் தலைவலி வந்தது. வாந்தி வந்தது. கழுத்து விறைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டார்கள். பிள்ளை கண் திறக்காமலே போய்விட்டது. அப்பனிடமிருந்து ஒட்டியது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. பிச்சமுத்து அன்றிலிருந்து தன் கைகளை மடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். யாரையும் தொடுவதில்லை. வீராயி சோற்றுத் தட்டை வைத்தால், அவள் விலகிப் போகிற வரை காத்திருந்துவிட்டு எடுப்பான்.

மண்டியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். ஊசியில் உடம்பு கொஞ்சம் தேறியதும், போதும் என்று நிறுத்திவிட்டு, அரியமங்கலம் பக்கம் செங்கல் சுமக்கப் போனான். மறுபடியும் ரத்தம் வந்தது. இந்தத் தடவை ஊசியும் முன்போலக் கேட்கவில்லை. சந்தில் அவர்கள் குடத்தைக் குழாயடியில் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பொன்னுத்தாய்கூட நகர்த்தினாள். வீட்டுச் சொந்தக்காரர் ரூம்பைக் காலி பண்ணச் சொன்னார். வீராயி சின்னம்மா வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற வேலை தேடிக்கொண்டாள். சின்னம்மா அவளை மட்டும்தான் வரச்சொன்னாள்.

அவனை அவன் தங்கச்சி மயிலம்மாள் வாளாடிக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள். அண்ணன் என்ற பாசம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். வைக்கோல் போட்டு வைக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தாள். வீராயி மாதத்துக்கு ஒருதரம் பஸ் ஏறிப் போகிறாள். வாசலுக்கு வெளியே உட்காருகிறாள். "சாப்பிட்டீங்களா?" என்கிறாள். "சாப்பிட்டேன்" என்கிறான். கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் அவள் திரும்பிவிடுகிறாள்.

பத்து வருஷம் ஆகப்போகிறது. பிச்சமுத்து இப்போதும் வாளாடியில், தங்கச்சி வீட்டுக் கொல்லையிலுள்ள அந்த வைக்கோல் அறையில்தான் இருக்கிறான்.