உடைந்த பிளக்கும் மாற்றிய இன்ஜினும்

கிள்ளானில் என் பழைய காரின் ஸ்பார்க் பிளக்கை நானே மாற்றப் போனேன். இறுகிப்போயிருந்ததைப் பலம்கொண்டு முறுக்கியதில் பாதி உள்ளேயே உடைந்து நின்றது. பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியிடம் காரை லோரியில் ஏற்றிப்போனேன்.

“இதை எடுக்க முடியாது மச்சான். வேற இன்ஜின் போட்டுடலாம், அதான் ஈசிலா,” என்றான். சொந்தக்காரன்தானே என்று சம்மதித்தேன். மாற்றிய இன்ஜின் மூன்றே மாதத்தில் புகை கக்கியது.

அதைக் காட்ட அவன் பட்டறைக்குப் போனபோது, அதே மாடலான அவனுடைய காரின் பொனட் திறந்திருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என் பழைய இன்ஜின். இன்ஜின் மூடியில் நான் அடித்த சிவப்பு பெயிண்ட்கூட அழியவில்லை.

“அப்புறம் எப்படியோ பிளக் வந்துருச்சு மச்சான்,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போதெல்லாம் இறுகிய பிளக்கில் எண்ணெய் விட்டுக் காத்திருக்கிறேன். யாராவது இன்ஜினை மாற்றச் சொன்னால், பூச்சோங்கில் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் முடிவெடுப்பேன். அவன் வீட்டு விசேஷங்களுக்கு மனைவி மட்டும் போய்வருகிறாள்.